இளையவள் காத்திருந்த பனி

மூத்தவனை ஆயி போகப் பழக்கியதை ஒரு வேலை என்றே சொல்ல முடியாது. அவன் கூட்டத்தைக் கண்டால் குஷியாகிற ஆள். பிளாஸ்டிக் பேசினை வாசலில் வைத்து உட்கார வைத்தால் பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரையும் விசாரித்துக்கொண்டே காரியத்தை முடிப்பான். எழுந்ததும் கைதட்ட வேண்டும். தட்டாவிட்டால் கோபம் வரும். சீக்கிரமே பழகிவிட்டான். பிள்ளை வளர்ப்பில் நான் கெட்டிக்காரி என்று கொஞ்ச காலம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

அந்தக் கனத்தை இளையவள் இறக்கி வைத்தாள். அவளுக்கு இரண்டரை வயது. அதே பேசின், அதே வாசல், அதே கைதட்டல். உட்காருவாள், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். கெஞ்சினேன், பாடினேன், மிரட்டினேன். அண்ணன்காரன் உட்கார்ந்து செய்தே காட்டினான். அவள் அடக்கிக்கொண்டே இருந்தாள். வயிறு கல்லாகிவிட்டது. மலைவாழைப்பழத்துக்கும் வெந்நீருக்கும் அசையவில்லை. சோற்றைத் தள்ளிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுதாள்.

"ஏனுங்க, நாளைக்கு மொத பஸ்ஸுல சேலத்துக்குப் போயி டாக்டருகிட்டக் காட்டிரலாமுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் சரியென்றார்.

அன்று சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பனி ஏறி வந்தது. எங்கள் ஏற்காட்டில் அது வந்துவிட்டால் கொடியில் கிடக்கும் துணியே கண்ணுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் காலடியில் நின்ற பிள்ளையைக் காணோம். கொல்லைக்குக் கீழே சரிவு. கூப்பிட்டுக்கொண்டே காப்பிச் செடிகள் பக்கம் ஓடினேன்.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. அழுகையே இல்லாத, நிதானமான குரல்.

"இங்க வராதம்மா. நான் ஆயி போறேன்."

அப்படியே நின்றுவிட்டேன். யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அதைச் சொல்லத் தெரியாமல், எல்லாம் மறைகிற ஒரு நேரம் கிடைக்கும்வரை அத்தனை வலியையும் பொறுத்திருக்கிறாள். நான் பெற்று, இடுப்பில் சுமந்து, கால் கழுவிவிட்ட அந்தச் சின்ன உடம்புக்குள் எனக்குத் தெரியாத ஒருத்தி குடியிருந்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழையும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"சரி கண்ணு, அம்மா திரும்பி நின்னுக்கறேன். முடிஞ்சதும் கூப்புடு" என்றேன்.

சேலத்துக்குப் போகும் வேலை இல்லாமல் போனது. மறுநாள் காலையில் பேசினைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். அவள் உள்ளே வந்தாள். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து, என் முழங்காலைப் பிடித்து வெளியே தள்ளி, இரண்டு கையாலும் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. இருந்தாலும் அந்தக் கதவைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.