இன்வெர்ட்டருக்குத் தைத்த உறை

இரண்டாயிரங்களின் கடைசியில் ஆரணியில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. என் கணவர் வீட்டிலேயே பட்டு நெய்தார். கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம்தான். ஆனால் கறுப்புப் பாவில் இழை அறுந்தால், வெளிச்சம் இல்லாமல் கண்ணில் படாது. அதற்காக மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டோம். தறி இருந்த அறையில் ஒரு பலகையில் இன்வெர்ட்டர், அதன் கீழே பேட்டரி.

மாட்டிவிட்டுப் போன மெக்கானிக் கண்ணமங்கலத்துக்காரர். "வெயிலு பேட்டரில ஏறும்க்கா. ஆனா பேட்டரி கரண்டு நம்ம பேனுக்கு ஒத்துக்காது. இந்தப் பொட்டிதான் அத வீட்டுக் கரண்டா மாத்திக் குடுக்கும். தாங்க முடியாத லோடு குடுத்தா தானா நின்னுடும். ரொம்ப உஷாரு."

நான் அப்போதே இஸ்திரிப் பெட்டியைச் சொருகிப் பார்த்தேன். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. மூவரும் சிரித்தோம். அப்போது நான் ஐந்து மாதம்.

அந்தப் பிள்ளை தங்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு எனக்கு எதிலும் கை போகவில்லை. ஊருக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்த தையல் மிஷின் மூலையில் கிடந்தது. சமையலைக்கூட அவர்தான் பார்த்தார்.

ஒரு காலை இன்வெர்ட்டர் மேல் பட்டுப் பிசிறு படிந்திருப்பதைப் பார்த்தேன். என்ன தோன்றியதோ, மிச்சமிருந்த அரக்குப் பட்டுத் துண்டை எடுத்து, சுற்றிலும் கொசுவம் வைத்து, அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டேன். அவர் தறியை விட்டு எழுந்து வந்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா கீது" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. கரண்ட் போன மதியங்களில் பேன் திடீரென்று நின்றுவிடும். சிவப்பு விளக்கு எரியும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடும். நான் வியர்த்து விழித்துக்கொள்வேன். மெக்கானிக் வந்தபோது உள்ளறையில் படுத்திருந்தேன்.

"இன்னா சொன்னாரு?" என்று பிறகு என் கணவரிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சரியாப் பூடும்."

சரியாகவும் போனது. பேன் நிற்கவே இல்லை.

ஒரு மதியம் தாகத்தில் விழிப்பு வந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் அந்த உறையைத் தூக்கி எடுத்தார். பிசிறு ஒட்டாமல் உதறி, சுத்தமான துண்டை விரித்து அதன்மேல் மடித்து வைத்தார். பிறகு இன்வெர்ட்டரின் பக்கவாட்டுத் துளைகளில் உள்ளங்கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்த்தார்.

"இன்னா பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "தூசி தட்டிகினு இருந்தேன்."

"தூசி தட்டத் துண்டு விரிச்சி வெப்பாங்களா?"

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. பெட்டிக்குள் சூடு ஏறுமாம். சின்ன பேன் ஒன்று காற்றை இழுத்து, துளை வழியாகச் சூட்டை வெளியே தள்ளுமாம். உறை துளையை மூடிவிட்டது.

"கெட்டுப்போய் நிக்கல. உள்ள எரிஞ்சிடக் கூடாதுன்னு அதுவா நிறுத்திக்கிதாம். ஆறுனதும் ஓடுது. அதான், நீ தூங்குனதும் எடுத்துடுவேன். நீ எழுந்துக்கறதுக்குள்ள போட்டுடுவேன்."

"எங்கிட்ட சொன்னா நானே எடுத்திருப்பேனே?"

"இத்தினி நாளு கழிச்சி இப்பதான் மிஷின்ல உக்காந்த. அத எடுன்னு எந்த வாயால சொல்றது?"

ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். போதும் என்று சொல்லவில்லை. அழுது முடித்ததும், வளர்ந்த மனுஷன் ஒருவர் தினமும் ஒரு பெட்டிக்குச் சட்டை கழற்றி மாட்டுவதை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

மறுநாள் அந்த உறையைப் பிரித்து, பஞ்சு வைத்து, அவர் தறியில் உட்காரும் பலகைக்கு மெத்தையாகத் தைத்தேன்.

"பட்டு மேலயா குந்தறது?" என்று கூச்சப்பட்டார்.

"குந்துங்க."

குந்தினார்.

அந்த வாரமே எதிர்வீட்டுப் பெண் ஜாக்கெட் துணியோடு தயங்கித் தயங்கி வந்தாள். "இப்பவே வேணாங்க்கா. ஒடம்பு தேறுனப்புறம் தைங்க" என்றாள்.

துணியை வாங்கிக்கொண்டு, அளவு ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன்.