ஒரு மடக்கு குடித்துக் காட்டுதல்

எங்கள் சூப்பர்மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவர் ஜூஸ் அக்காதான். நான் பழம் அடுக்குகிற தட்டுகளுக்கு எதிரே, ஒரு சின்ன மேஜை போட்டுக் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார். ஐம்பதைத் தாண்டியவர். வீட்டில் முதுகுவலியோடு துணி தைக்கிற கணவர்; கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிற மகள். வேலை இவ்வளவுதான்: வருகிறவர்களுக்குக் காகிதக் கோப்பையில் சத்து சேர்த்த ஆரஞ்சு ஜூஸை ஊற்றிக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் தானும் ஒரு மடக்கு குடித்து, முகம் மலர்ந்து காட்ட வேண்டும். அது கம்பெனி விதி.

"மொகம் மலர்றது கஷ்டமில்ல தம்பி. கால் வீங்காம இருக்கறதுதான் கஷ்டம்" என்பார்.

மத்தியானச் சாப்பாட்டை எப்போதோ விட்டுவிட்டார். சாப்பிடும் அறை மேல்மாடியில். ஏறி இறங்க அலுப்பு. "காலையிலேருந்து பழமாத்தானே உள்ள போகுது? வைட்டமின், கால்சியம் எல்லாம் போட்டிருக்கான். இதுக்கு மேல சோறு எதுக்கு?" நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் அவரே நம்பிவிட்டார்.

சாயங்காலமானால் ஒரு சோர்வு வரும். கால்கடுக்க நின்ற சோர்வு இல்லை அது. விளக்கு எரியும்போதே அறை மங்குவதுபோல முகம் மங்கிவிடும். தாகம் எடுக்கும், அதற்கும் அதே ஜூஸ். பாத்ரூமுக்குப் போய்ப் போய் வருவார். "வயசாயிடுச்சு, வேற என்ன" என்று தீர்ப்பையும் அவரே சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மறுநாள் மேஜையைத் துடைத்தபடியே, அங்கிருந்த உணவு ஆலோசகரோடு போட்ட சண்டையை எனக்கு நடித்துக் காட்டினார்.

"சர்க்கரை சேர்க்கலன்னு டப்பாவுலயே போட்டிருக்கேம்மான்னேன். 'சேர்க்கவே வேணாம், பழத்தோடதே போதும். ஒரு டம்ளர்ல மூணு பழத்து இனிப்பு. நாரெல்லாம் வடிகட்டியிலேயே நின்னுபோச்சு. தடுக்க ஆளில்லாம நேரா ரத்தத்துல எறங்குது'ங்குது அந்தப் பொண்ணு. விடுவேனா? வெறும் ஆரஞ்சுப் பழத்துல இவ்வளவு கால்சியம் இருக்கா, சொல்லுன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"இல்லதான்னு ஒத்துக்கிச்சு. வைட்டமின் விஷயத்துல டப்பா ஒண்ணும் தோத்துடலையாம். 'ஆனா மூணு முழுப் பழத்தை ஒக்காந்து உரிச்சு மென்னு பாருங்க, ரெண்டாவதுலயே வயிறு போதும்னுடும். டம்ளருக்குப் போதும்னு சொல்லத் தெரியாது'ன்னுது" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. இப்போதே விட்டுவிட்டால் மாத்திரை இல்லாமல் தப்பிக்கலாமாம். சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். குடிக்காமல் இந்த மேஜையில் எப்படி நிற்பது?

சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தார். சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. "நீங்களே குடிக்கலன்னா யாருதான்க்கா நம்புவாங்க? மேல இருந்து எனக்குத்தான் திட்டு விழும்" என்றார்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். காலிக் கோப்பையை உதட்டில் வைத்து, தொண்டையை அசைத்து, "ஆகா" என்பார். நன்றாகவே நடித்தார். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு, தள்ளுவண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கத்தியது: "அம்மா, இந்த ஆன்ட்டி கப்புல ஒண்ணுமே இல்ல!"

அதன் அம்மா, கையில் வாங்கிய கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, நீங்க குடிக்க மாட்டீங்க, எங்களுக்கு மட்டும் குடுப்பீங்களா? இதுல அப்படி என்ன இருக்கு?"

ஆட்கள் நின்றார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். அக்கா கோப்பையை நிரப்பி உதடுவரை கொண்டுபோனார். அங்கேயே அது நின்றது.

"எனக்குச் சர்க்கரை வரப் பாக்குதும்மா" என்றார் கடைசியில். "ஜூஸுல ஒண்ணும் கலக்கல. நான்தான் இதையே சாப்பாடுன்னு நெனச்சுக் குடிச்சுட்டேன்." கோப்பையை மெல்ல மேஜையில் வைத்தார். அந்த அம்மா ஒன்றும் வாங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "தரை தொடைக்கிற லிக்விடுக்கு ஆள் கேட்டிருக்காங்க. குனிஞ்சு தொடைச்சுக் காட்டணும். சம்பளம் கொஞ்சம் கம்மிதான். முடியுமாக்கா?"

"அதையும் குடிச்சுக் காட்டச் சொல்ல மாட்டீங்களே?"

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "மொதல்லயே கேட்டு வெச்சுக்கணும்ல" என்றார்.

இப்போது கடைசி வரிசையில் இருக்கிறார். தரையில் மண்ணைத் தூவித் துடைக்கிறார்; துடைத்த இடத்திலேயே மறுபடி தூவுகிறார். மத்தியானம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறிச் சாப்பிடுகிறார். பிறகு ஒரு ஆரஞ்சு. தோலை உரித்து, ஒவ்வொரு சுளையாக, ஏதோ வீட்டுப்பாடம் எழுதுவதுபோல மெல்லுகிறார்.

"இதை மென்னு முடிக்கறதுக்குள்ள பிரேக்கே முடிஞ்சுடுது தம்பி. சத்து இருக்கோ இல்லையோ, இதுக்கு நேரம்னு ஒண்ணு வேண்டியிருக்கு."

மறுபரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மணி அடித்தது. மீதி இரண்டு சுளையையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, மென்றுகொண்டே படியிறங்கினார்.