கதவென்று தெரியாத அலமாரி

பழைய கதவுகளை வாங்கி அலமாரி செய்து விற்கும் தொழிலில், மூக்கில் ஏறுவது மரத்தூள் பாதி, அடுத்த வீட்டுச் சங்கதி பாதி.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவுகள் வரும். நானும் கலியபெருமாள் ஆசாரியும் அவற்றை அறுத்து, இழைத்து, துணி அலமாரி, பாத்திர அலமாரி, செருப்பு ஸ்டாண்டு என்று ஏதாவது ஒன்றாக்கி அனுப்பி வைப்போம். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். புதுப் பலகையில் மேசை நாற்காலி செய்கிறவனிடம் யாரும் வந்து கண் கலங்குவதில்லை. எங்களிடம் கலங்குகிறார்கள். பழைய பாத்திரம் வாங்குகிறவர்களே, பழைய நகையை உருக்குகிறவர்களே, பழசோடு மாரடிக்கும் சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பூச்சி அரித்த வேலைப்பாடு

புதுவீடு கட்டிக் குடிபோன ஒருவர் வரவேற்பறைக்கு அலமாரி கேட்டு வந்தார். கதவு பழசு என்பது பார்த்தவுடன் தெரியவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. மஞ்சள் கறை இருக்கட்டும், வளையம் இருக்கட்டும், யாரோ ஆணி அடித்துப் பிடுங்கிய இடம்கூட இருக்கட்டும் என்றார். எங்களுக்கும் சந்தோஷம். தேய்க்க வேண்டாம், உப்புத்தாள் மிச்சம்.

எல்லாம் முடித்துக் காட்டினோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை. அந்த வேங்கை மரம் செய்த குற்றம் என்னவென்றால், அத்தனை வருஷமாகியும் உளுத்துப் போகாமல் இருந்தது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "பூச்சி அரிச்ச மாதிரி அங்கங்க நாலு ஓட்டை போட்டுத் தர முடியுமா?"

போர்வை போர்த்திய கதவு

அதே வாரம் குட்டியானை வண்டியில் ஒரே ஒரு கதவைப் படுக்க வைத்து, மேலே போர்வை போர்த்திக் கொண்டுவந்து இறக்கினார் குமரேசன் என்பவர். கரந்தையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கேட்டால்தான் பேசுவார், கேட்டாலும் பாதிதான் பேசுவார். மனைவி இல்லை. ஒரே மகள் யாழினி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பேராவூரணிப் பக்கத்தில் அவளுடைய தாத்தா, அதாவது குமரேசனின் மாமனார் வீட்டில் வளர்கிறாள். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பெண்ணின் துணிமணியும் பள்ளிக்கூடப் புத்தகமும் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன, ஒரு அலமாரி வேண்டும் என்றார்.

நல்ல தடிமனான ஒற்றைக் கதவு. பித்தளைக் குமிழும் வளையமும் அப்படியே இருந்தன. அவற்றை முன்பக்கம் தெரிகிற மாதிரி விட்டால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று நான் விவரித்துக்கொண்டே போனேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். குமிழ் வேண்டாம், வளையம் வேண்டாம், மஞ்சள் கறை வேண்டாம், சாயம்கூட மாற்றிவிட வேண்டும் என்றார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திருட்டுக் கதவாக இருந்தால் நாளைக்கு ஸ்டேஷனில் போய் நிற்கப்போவது நான்தானே. இதற்குக் கடையில் பிளைவுட் அலமாரியே வாங்கிக்கொள்ளலாமே என்று நழுவப் பார்த்தேன். அவர் கதவின் மேலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "பிளைவுட் வேணாம்ணே. இந்தக் கதவுதான் வேணும். ஆனா இது கதவுன்னு யாருக்கும் தெரியக்கூடாது."

வாசலில் கழற்றிய செருப்பு

வேலையைத் தொடங்கிவிட்டோமா என்று பார்க்கக் குமரேசன் வந்திருந்த நாளில்தான் ஒரு அம்மாளும் வந்தார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவர், சாலையில் போகும்போது எங்கள் கடை முகப்பில் இருந்த செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் கடையில் சுத்தியலும் ஆணியும் இறைந்து கிடக்கும். செருப்பைக் கழற்றி யாரும் வந்ததே இல்லை.

ஸ்டாண்டின் முன் குந்தி உட்கார்ந்து, ஓரத்தில் இருந்த இரண்டு பொடி ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவினார். அவர் வாழ்க்கைப்பட்ட வீட்டுக் கதவாம் அது; மாவிலை கட்ட அவர் அடித்த ஆணிகளின் ஓட்டைகளாம். புருஷனின் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது வீட்டை இடித்துவிட்டார்கள். கதவு எங்கே போனது என்று மருமகளிடம் யார் சொல்லப்போகிறார்கள்? வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசியது மட்டும் அவர் வேலை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, இதை வாங்க வருகிறவர்களிடம் செருப்பு வைக்க வேண்டாம், பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டார். சொல்கிறேன் என்றேன். எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அந்த ஸ்டாண்டை இன்றுவரை நான் விற்கவில்லை. அதில் உளிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த குமரேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்டாண்டைப் பார்த்தார், தன் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு துண்டு போட்டுட்டீங்களே, அப்புறமும் அந்தம்மா எப்படிண்ணே கண்டுபிடிச்சாங்க?"

தென்னை விழுந்த காலை

அதற்குப் பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தேன்; குடிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு அவர் மனைவி சுகன்யா அப்பா வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் புயல் அடித்தது; பார்க்கப் போயிருந்த இவரும் அன்றைக்கு அங்கேதான். விடிந்து பார்த்தால் தெருவில் ஆள் நடக்க இடமில்லாமல் தென்னை மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. சுகன்யாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. மாமனார் கூடத்துக் கதவைக் கழற்றினார். அதில் பாயைப் போட்டு மகளைப் படுக்க வைத்து, முன்னால் அவரும் பக்கத்து வீட்டுக்காரரும், பின்னால் குமரேசனும் இன்னொருவரும் பிடித்துக்கொண்டு, விடாத மழையில் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டித் தூக்கிப் போனார்கள். குழந்தை பிழைத்தது. சுகன்யா பிழைக்கவில்லை.

எல்லாக் காரியமும் முடிந்த பிறகு, யாரோ ரோட்டோரத்தில் கிடந்த கதவைப் பொறுப்பாகக் கொண்டுவந்து வீட்டில் சாத்தியிருக்கிறார்கள். மாமனாரால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் படாமல் கொண்டுபோய் எரித்துவிடுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். எரித்துவிட்டேன் என்று இவரும் சொல்லிவிட்டார். ஆனால் எரிக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷமாகத் தன் வாடகை வீட்டில், கட்டிலுக்குப் பின்னால், போர்வை போர்த்தி நிறுத்தி வைத்திருந்தார். அதைத்தான் இப்போது மகளுக்கு அலமாரியாக அனுப்ப வேண்டும், அதுவும் அந்தக் கதவைக் கழற்றிய வீட்டுக்கே. மாமனாருக்குத் தெரிந்தால் மனிதர் உடைந்துவிடுவார், அதை வாசலுக்குள்ளேயே விடமாட்டார். பிறகு ஏன் இந்த வீம்பு என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ கடைசியா எங்கிட்ட பேசினது இதுல படுத்திருந்தப்பதாண்ணே. புள்ளைக்கு அவ அம்மாவோடதுன்னு குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

ஆசாரி வராத நாள்

கேட்டுக்கொண்டிருந்த கலியபெருமாள் ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. நான் குறை சொல்லமாட்டேன். சாவோடு சம்பந்தப்பட்ட மரத்தில் கை வைக்கத் தயங்குகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. வேறு ஆள் பார்க்கவும் எனக்கு மனசில்லை. கதவு பட்டறை நடுவில் கிடந்தது. நான் அதைத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் வந்தார். கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "அந்தப் புள்ள இதுல உயிரோடதானே போச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் இது பாடை இல்லை, கட்டில்தான் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இழைப்புளியை எடுத்தார்.

அவர் செய்த வேலையில் அதுதான் உச்சம் என்பேன். குமிழ் இருந்த பள்ளங்களை அதே மரத்தால் அடைத்தார். மஞ்சள் கறையை இழைத்து எடுத்தார். மேலே இருந்த வேலைப்பாட்டை அறுத்துத் தள்ளிவிட்டு, பலகைகளை இடம் மாற்றி, கறுப்புக்குப் பக்கமாக ஒரு பாலிஷ் போட்டார். புதுக்கடைச் சரக்கு மாதிரியே இருந்தது. எனக்கே அந்தக் கதவு மறந்துபோயிற்று. ஒரே ஒரு இடம்தான் மிச்சம். கதவின் கீழ்ச் சட்டத்தில் பெருச்சாளி கடித்து, நாலு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதை அறுத்தால் சட்டம் குறைந்துவிடும். அலமாரிக்கு அடிச்சட்டமாகப் போட்டு, பள்ளத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். பரவாயில்லையா என்று நான் இழுத்தேன். அவர் சிரித்தார்: "அது தரையோட போயிடும். யாரு குப்புறப் படுத்துக்கிட்டா பாக்கப் போறாங்க?"

இறக்கிய இடம்

பேராவூரணிக்கு நானே கூடப் போனேன். தோப்பில் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. குமரேசன் வண்டியை விட்டு இறங்கும்போதே வியர்த்துப் போயிருந்தார். மாமனார் நல்ல உயரம், வெள்ளைத் துண்டு, கலகலப்பான மனிதர். அலமாரியைத் தட்டிப் பார்த்தார். நல்லா இருக்கு மாப்பிள்ளை, எந்தக் கடை என்றார். குமரேசன் என்னைக் காட்டினார். யாழினி அதற்குள் வண்டியில் ஏறி அலமாரியைத் திறந்து மூடத் தொடங்கிவிட்டாள். பிழைத்தோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இறக்குவதற்கு ஓட்டுநர், குமரேசன், நான் மூன்று பேர்தான். ஒரு கை குறைந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, அடியில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே இருந்த எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. பின்னால் பிடித்திருந்த குமரேசனுக்குத் தெரியவில்லை. என்ன மாமா, கனமா இருக்கா என்று கேட்டார். இல்லை, நடங்க என்றார் மாமனார். கூடத்தில், கடையில் வாங்கி மாட்டிய புதுக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். வைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் விரலை அடியிலிருந்து எடுக்கவில்லை.

எங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர யாழினியைக் கூட்டிக்கொண்டு குமரேசன் கடைத்தெருவுக்குப் போனார். மாமனார் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு மழையில் கையெல்லாம் வழுக்கியதாம். அந்தப் பள்ளத்தில் விரல் மாட்டியிருந்ததால்தான் மெயின் ரோடு வரைக்கும் பிடி நழுவவில்லையாம். வழியில் மகள் ஒரு தடவை கண்ணைத் திறந்து, கை வலிக்குதாப்பா என்று கேட்டாளாம். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் திருடன் போல உட்கார்ந்திருந்தேன். வேண்டாமென்றால் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி எடுத்துப் போய்விடுகிறேன் என்றேன். வாசலில் யாழினியின் குரல் கேட்டது. அவர் அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இருக்கட்டும் தம்பி. எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு மட்டும் மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா, எனக்குக் கஷ்டமா இருக்கும்னு இதையும் எடுத்துட்டுப் போயிடுவாரு."

அதனால், சக பாவிகளே, இப்போதெல்லாம் எந்த வீட்டில் சாமான் இறக்கினாலும், ஒரு கை பிடிக்கிறேன் என்று எழுந்து வருகிற பெரியவரிடம், இடுப்பு பிடித்துக்கொள்ளும், நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லித் தடுத்துவிடுகிறேன்.