கோடா, அம்பா, சமக்குறியா?

புள்ளியியல் ஆலோசனை என்பது, யாரோ ஊரெல்லாம் அலைந்து சேர்த்துவந்த எண்களை ஏ.சி. அறையில் உட்கார்ந்து அடித்துத் துவைத்து, ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று திருப்பிக் கொடுக்கும் தொழில். திருவனந்தபுரத்தில் அப்படியொரு மையத்தில் பல வருஷம் குப்பை கொட்டினேன். ஒரு காற்புள்ளியை விட்டதற்காகக் கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கியிருக்கும் சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

மூன்று கட்சிகள்

ஆர் என்ற புள்ளியியல் மொழியில்தான் எங்கள் பிழைப்பு. ஓர் எண்ணுக்குப் பெயர் சூட்ட அதில் அப்போது மூன்று வழி இருந்தது. எக்ஸ் என்று எழுதி, அதைப் பார்த்தபடி ஓர் அம்பு போட்டு, ஐந்து என்று எழுதலாம். அம்புக்குப் பதில் அடிக்கோடு போடலாம். சமக்குறியும் போடலாம். மூன்றுக்கும் பலன் ஒன்றுதான், ஆனால் இதற்காக எங்கள் மையத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன நாட்கள் உண்டு.

எங்கள் தலைவர், நாகர்கோவில்காரரான வேலப்பன் சார், கோட்டுக் கட்சி. பக்கத்து மேஜை சுரேஷ் அம்புக் கட்சி. நான் சமக்குறி, அதாவது இரண்டு பக்கமும் அடி வாங்கும் கட்சி. அம்பு என்றால் ‘விடச் சிறியது’ குறியும் சிறு கோடுமாக இரண்டு எழுத்து தட்ட வேண்டும். இருந்தாலும் பிரிண்ட் எடுத்தால் அதுதான் கண்ணுக்குத் தெரியும், அடிக்கோடு வரியோடு ஒட்டிக் காணாமல் போகிறது என்று சுரேஷ் ஒருநாள் நியாயம் பேசினான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஒத்தை எழுத்துல முடியுத காரியத்துக்கு ரெண்டு எழுத்து எதுக்குடே?”

நான்காவது கட்சி

ஊருக்குள்ளேயே வலியசாலையிலிருந்து ஆலோசனைக்கு ராஜம் மாமி வருவார். மாமி என்றதும் ஏமாந்துவிடாதீர்கள், சத்துணவு ஆய்வில் பெரிய கை. அவர் எல்லாவற்றையும் தலைகீழாக எழுதுவார்: முதலில் கணக்கு முழுவதும், கடைசியில் வலப்பக்கம் பார்க்கும் அம்பு, அதற்கப்புறம் பெயர். ஆர் அதையும் ஏற்றுக்கொள்ளும். எங்களுக்குத்தான் வரியின் கடைசிவரை போகாமல் எது என்னவென்று தெரியாது, கழுத்து வலிக்கும்.

பெயரை முன்னால் எழுதினால் எங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று சுரேஷ் கெஞ்சிப் பார்த்தான். மாமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “பாயசம் கொதிச்சப்புறம்தானேடா தூக்குல விடுவா? முன்னாடியே வெறும் தூக்கைக் கையில வச்சுண்டு நான் என்ன பண்ணட்டும்?”

கோட்டுக்கு வந்த சாவு

ஷீலா குளச்சல் பெண். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்திறங்கும் மீன்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேலை தயாராகக் காத்திருந்தது, பட்டம் கைக்கு வந்தால்தான் சேர முடியும். ஆர் மொழியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேலப்பன் சார். ஆகவே அவள் ப்ரோகிராம் முழுக்கக் கோடு.

ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கவேண்டிய வாரம் ஆரின் புதிய பதிப்பு வந்தது. அதில் அடிக்கோட்டுக்குக் கல்தா. சுரேஷ் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி மேஜை மேஜையாகப் போய் எல்லா கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றினான். மறுநாள் ஷீலாவின் ப்ரோகிராம் ஒன்றுகூட ஓடவில்லை. தடை செய்தது சரிதான் என்று சுரேஷும், அநியாயம் என்று சாரும் அவள் தலைக்கு மேலே வாதாடினார்கள். அவள் கண் கலங்கிவிட்டது, குரல் மட்டும் கலங்கவில்லை. “அண்ணே, இது ஓடல்லைன்னா எனக்க வேலை போச்சு. கோடா அம்பான்னு நீங்க பொறவு அடிச்சுக்கிடுங்கோ.”

எல்லாக் கோட்டுக்கும் அம்பு

சுரேஷ் வெட்கப்பட்டுப் போனான். உட்கார்ந்து, எல்லாக் கோட்டையும் ஒரே தட்டில் அம்பாக மாற்றினான். எல்லாக் கோட்டையும் என்றால் எல்லாவற்றையும்தான். ஷீலாவுக்குப் பெயர்களுக்கு நடுவே இடம் விட்டுப் பழக்கமில்லை, ஃபைல் பெயரிலும் கோடு போட்டு ஒட்டியிருப்பாள். அங்கேயும் அம்பு பாய்ந்ததால் ஃபைல்களைக் காணோம் என்றது கம்ப்யூட்டர். ஃபைல் பெயர்களை மட்டும் திருத்தினோம். ப்ரோகிராம் ஓடியது, வரைபடங்கள் வந்தன, ஆய்வேடு பைண்டிங்குக்குப் போனது. எல்லோரும் டீ குடித்தோம்.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். சிரிக்காத மனிதர். நாங்களும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு படத்தைத் திறந்து காட்டி, தலைப்பில் ‘மத்தி’ என்ற மீன் பெயருக்கும் ‘விழிஞ்ஞம்’ என்பதற்கும் நடுவே இந்த அம்பு எதற்கு, மீன் போகும் திசையா என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. படத் தலைப்புகளிலும் கோடு இருந்திருக்கிறது, அதை ஒருவரும் பார்க்கவில்லை. சுரேஷ் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ தேடினான். வேலப்பன் சார் மின்விசிறியைப் பார்த்தார்.

ஷீலா திசைதான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. புதிய பதிப்பு, ஓடாத ப்ரோகிராம், ஒரே தட்டில் மாற்றியது, ஃபைல் பெயரை மட்டும் திருத்தியது என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். யார் தட்டியது என்பதை மட்டும் சொல்லவில்லை. பேராசிரியர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, தன் பையிலிருந்து மடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அதில் வரிக்கு வரி கோடு.

“என் ப்ரோகிராமும் கொஞ்ச நாளா ஓடலை. ஃபைல் பேர், தலைப்பு எதையும் தொடாம இதை மாத்தறது எப்படின்னு காட்டுங்க, டாக்டர் ஷீலா.”

ஷீலா இப்போது தூத்துக்குடியில் பிள்ளைகளுக்கு அம்பு போடத்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம். நான் இன்னும் சமக்குறியே போட்டு, யாராவது எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்கிறேன்.