லிஃப்ட்காரரின் கைக்குட்டை

யார் பாட எழுந்தாலும் சரி, லிஃப்ட்காரர் தோளில் கிடக்கும் கைக்குட்டையை எடுத்துக் கரோக்கே மெஷினின் சின்னத் திரைமேல் போட்டுவிடுவார். கேட்டால், "தூசி விழுது" என்பார். பாடுபவரின் குரலுக்காகச் சுதியை எத்தனை படி ஏற்றியிருக்கிறார், எத்தனை படி இறக்கியிருக்கிறார் என்ற எண் அந்தத் திரையில்தான் தெரியும்.

வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஞாயிறு மாலை, சலவைக்கடை மாடியில் கூடும் முப்பது பேருக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். சீட்டு எழுதிப் போட்ட வரிசைப்படிதான் மைக் கைக்கு வரும். ஒருவர் பாடும்போது இன்னொருவர் கூடவே இழுத்தால், "மாப்ள, அவர் தட்டுல நீ ஏன் கை வைக்கிற?" என்று அமர்த்திவிடுவார். பாதியில் திக்கி நின்றவருக்குத்தான் கைதட்டல் பலமாக விழவேண்டும்.

அவர் பாடி யாரும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்வார்: "மொத மெஷினைச் செஞ்ச ஜப்பான்காரர், ஒரே ஒரு வாடிக்கையாளர் குரலுக்குத் தோதா வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுத்தாராம். அதுல ஆரம்பிச்சதுதான் இத்தனையும். ஆள் எந்த மாடிக்குப் போகணுமோ, அங்க கொண்டுபோய் நிறுத்தணும். அவ்வளவுதான் நம்ம வேலை."

போன ஞாயிறு தையல்கடை அக்கா வந்திருந்தார். கழுத்தில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். அவருடைய பாட்டில் உச்சத்துக்கு ஏறும் ஒரு வரிக்காகவே நேரத்தோடு வந்து இடம் பிடிப்பவர்கள் உண்டு.

"தம்பி, பழைய சுதியே வை. எறக்கிடாத. அந்த வரி எட்டலைன்னா இன்னியோட மைக்கைத் தொடமாட்டேன்."

"அதேதான் வெச்சிருக்கேன்க்கா."

கைக்குட்டைக்கு அடியில் லிஃப்ட்காரரின் கட்டைவிரல் பொத்தானை இரண்டு முறை அழுத்தியது.

முதல் அடி கொஞ்சம் தடுமாறியது. உச்ச வரி வந்தபோது லிஃப்ட்காரர், பழுது பார்த்த லிஃப்டில் முதல் ஆளை ஏற்றி அனுப்பிவிட்டுக் கீழே நிற்பவரைப்போல அண்ணாந்து நின்றார். குரல் ஓரிடத்தில் கரகரத்தது. ஆனால் ஏறிவிட்டது.

கைதட்டல் ஓயுமுன் அக்கா நேரே மெஷினிடம் வந்தார்.

"பழைய சுதிதானே?"

"ஆமாக்கா."

மின்விசிறிக் காற்றில் கைக்குட்டையின் ஓரம் மடங்கி, திரையில் '-2' பளிச்சென்று தெரிந்தது. லிஃப்ட்காரரின் கை எழுவதற்குள் அக்கா குனிந்து, "தூசி விழுதுப்பா" என்று அந்த ஓரத்தை இழுத்து எண்ணை மூடினார்.