ஒரு காய் கூடுதலாக

போடி கடைவீதியிலிருந்து பிரிகிற சந்தில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதை ஒட்டிய சின்னக் கடை சந்திரவல்லி அக்காவுடையது. ஏலக்காய் மாலை கட்டி விற்கிறாள். போர்டைப் பார்த்து அந்தக் கடைக்கு யாரும் வந்ததில்லை. வருகிற ஆர்டரெல்லாம் போன் வழியாகத்தான் வருகிறது. கடைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, படம் ஏற்றி, கேட்பவர்களுக்குப் பதில் எழுதி, இன்றுவரை பார்த்துக்கொள்வது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனசு வருவதில்லை.

அக்கா பாதி ஆயுளை ஜீப்பில் கழித்தவள். விடிவதற்கு முன் ஏறி உட்கார்ந்தால் போடிமெட்டு தாண்டி கேரளத்து எஸ்டேட்டில் போய் இறங்குவாள். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புவாள். முழங்கால் மக்கர் பண்ணியதும் மலையேறுவது நின்றது. ஊருக்குள் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கப் போனாள். அங்கே பெரிய பச்சைக் காயாகப் பொறுக்கிச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு மாலை கட்டிக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். அப்படித்தான் கடை வந்தது. கட்டுவது அவள். பெட்டி கட்டி, எடை போட்டு, கூரியரில் சேர்ப்பது அவள் புருஷன் அழகுமலை அண்ணன்.

சுஜாதா அவர்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் அம்மா கட்டி முடிக்கிற மாலையின் கடைசிக் காயைக் கடித்து இழுத்துவிடுவாளாம். அடித்தாலும் கேட்கவில்லை. அதனால் அக்கா எப்போதும் கடைசியில் ஒரு காய் கூடுதலாகக் கோர்த்து, அவளுக்கென்று விட்டு வைப்பாள். கல்லூரிக்குப் போன பிறகும் அந்தக் காய் அவளுக்குத்தான்.

பக்கம் திறந்தபோது, மாலையைப் போட்டுப் படம் எடுக்க ஒரு பொம்மை வாங்கச் சொன்னேன்.

"எம்மக குத்துக்கல்லாட்டம் இருக்கையில பொம்ம எதுக்கு பாயிசா?" என்றாள் அக்கா.

சுஜி மாலையைப் போட்டுக்கொண்டு, வாயில் அந்த ஒற்றைக் காயோடு சிரித்தாள். அதைத்தான் முதல் படமாக வைத்தேன். எங்கெங்கோ இருந்து, "இதே மாலை வேணும்" என்று கேட்டு எழுதினார்கள்.

பிறகு அவள் சின்ராசுவோடு போய்விட்டாள். சின்ராசு சிலமலைக்காரன். லோடு வேன் ஓட்டுகிறவன், நல்ல பையன். சாதிதான் வேறு. ரெண்டு பேரும் கல்யாணத்தைப் பதிந்துகொண்டு ஓசூர் பக்கம் போய்விட்டார்கள். சேதி கேட்ட அன்றே அழகுமலை அண்ணன் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மதுரைக்குத் தூக்கிப்போய் ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அக்காவின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். சுஜியோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது, அவள் வாசலை மிதிக்கக்கூடாது. மீறினால் அவர் உயிர் போய்விடும். படுக்கையில் கிடந்துகொண்டு சத்தியம் வாங்குகிற ஆம்பளைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அக்கா நம்பினாள். பேசினால் தாலி இறங்கிவிடும் என்று நிஜமாகவே நம்பினாள்.

ஊர் திரும்பியதும் அண்ணன் நேரே என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்தப் படத்த எடுத்துரு."

"அண்ணே, அந்தப் படத்தப் பாத்துத்தான் ஆர்டரே வருது."

போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். "அப்ப மூஞ்சிய மட்டும் வெட்டிரு."

வியாபாரம் வேண்டும், மகள் வேண்டாம். கடை அவர்களுடையது, நான் என்ன சொல்ல முடியும்? வெட்டினேன். கழுத்தும் மாலையும் மிஞ்சின. ஆர்டர் குறையவே இல்லை. அக்கா மட்டும் சில நாள் என் கடைக்கு வந்து, அந்தக் கழுத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்துவிட்டுப் போவாள். காதுக்குக் கீழே ஒரு மச்சம் தெரியும்.

ஒருநாள், "எனக்கு ஸ்டேட்டஸ் போடச் சொல்லிக் குடு" என்றாள். கடைக்கு நல்லதுதானே என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் புது மாலை ஒன்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவாள். பிறகு வேலையில் கை ஓடாது. யார் யார் பார்த்தார்கள் என்று திறந்து திறந்து பார்ப்பாள். எனக்கு அப்புறம்தான் விளங்கியது. பார்த்தவர்கள் வரிசையில் 'சுஜி' என்று ஒரு பெயர் வரும். வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசியை எடுப்பாள். அதற்குப் பிறகு அவள் கை ஓடுகிற வேகமே வேறு.

"சத்தியம் என்னக்கா ஆச்சு?" என்று சீண்டினேன்.

"பேசக்கூடாதுன்னுதான சொன்னாரு. நான் எங்க பேசுனேன்? மாலையப் படம் போடுறேன். அவ பாக்குறா. உசுரோட நல்லாருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுபோகுது."

இப்படியே ரெண்டு வருஷம் ஓடியது. ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள்கூடத் தவறியதும் இல்லை.

போன ஐப்பசியில் அண்ணன், இன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள அக்காவின் போனை எடுத்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனுஷன். படித்துக்கொண்டே வந்தவர் ஒரு பெயரில் நின்றுவிட்டார். அவர் போட்ட சத்தம் என் கடைவரை கேட்டது.

"எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியேடி!"

"நான் பேசலயே."

"பேசலயாம்ல!"

சிம்மை உருவி இரண்டாக ஒடித்தார். மறுநாள் கடைக்கென்று புது நம்பர் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். அதைப் பக்கத்தில் மாற்றினேன். புது நம்பரில் ஸ்டேட்டஸ் போட்டாலும், அந்த நம்பர் சுஜியின் போனில் இருந்தால்தான் அவளுக்குத் தெரியும். அக்காவுக்கு மகளின் நம்பர் மனப்பாடம். கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் அது பேசியதாகிவிடும்.

அக்கா என் கடைக்கு வந்து பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். இன்றைக்கு இத்தனை பேர் பார்த்தார்கள் என்று அது எண்ணிக்கை மட்டும் காட்டும், பெயர் காட்டாது.

"இதுல அவ இருக்காளா பாயிசா?"

"தெரியாதுக்கா."

"இருப்பா" என்றாள். அதற்குப் பிறகு தினமும் வந்து அந்த எண்ணிக்கையைப் பார்த்தாள். கூடியிருந்தால் அவள் முகம் கொஞ்சம் தெளியும். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

மாசி மாதம் பக்கம் வழியாக ஓர் ஆர்டர் வந்தது. அண்ணன் கூரியருக்குப் போயிருந்த நேரம். வழக்கம்போல அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் அமுதவல்லி, ஊர் ஓசூர். காதுகுத்துக்குச் சின்ன மாலை ஒன்று. பச்சை நூல் போதும், ஜரிகை வேண்டாம். கடைசியில் ஒரு காய் கூடுதலாகக் கோர்த்து விடவும்.

அக்காவின் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

"திருப்பி வாசி" என்றாள். வாசித்தேன். "புள்ள பெத்திருக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "எம்பேருல பாதிய வச்சிருக்கா பாத்தியா" என்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

காதுகுத்துக்கு மாலையும் தோடும் தாய்வீட்டுச் சீராகப் போகவேண்டியவை. மேளம் வைத்து, தாம்பாளம் தூக்கிக்கொண்டு போய்ப் போடவேண்டிய மாலை.

"காசு வாங்காத பாயிசா. திருப்பி அனுப்பிரு."

"திருப்பி அனுப்புனா அண்ணனுக்குத் தெரிஞ்சுபோகும்க்கா. பணம் வர்றதும் போறதும் அவரு போன்லதான்."

தாய்வீட்டுச் சீரைக் காசு கொடுத்து வாங்குகிறாள் மகள். கோபம் வந்தது எனக்கு. யார்மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. "நம்பரு இருக்குக்கா, நான் போட்டுத் தர்றேன், பேசுங்க" என்றேன். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

அன்று முழுக்க அந்த ஒரு மாலையைத்தான் கட்டினாள். ஒவ்வொரு காயையும் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கோர்த்தாள். பெட்டிக்குள் ஒரு பொட்டுத் தங்கமாவது வைக்கத் துடித்தாள். பெட்டி கட்டுவது அண்ணன், எப்படி வைப்பது? கடைசியில் ஒரு காய்க்குப் பதில் இரண்டு காய் விட்டாள். ஒன்று மகளுக்கு, ஒன்று பேத்திக்கு. அவளால் முடிந்த சீர் அவ்வளவுதான்.

அண்ணன் வந்து அந்த மாலையைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு காய் கூட இருக்கு, கவனிக்கலயா?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் வைத்து ஒட்டினார்.

பங்குனியில் பக்கத்தில் ஒரு பாராட்டு வந்து விழுந்தது. அஞ்சு நட்சத்திரம். எழுத்து எதுவும் இல்லை, ஒரு படம் மட்டும். மொட்டைத் தலையில் சந்தனம், அழுது சிவந்த கண், முழங்கால்வரை தொங்குகிற மாலை. வாயில் ஒரு ஏலக்காயைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறது பிள்ளை. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடிய வேகத்தில் அண்ணன் கடையில் இருப்பதைக் கவனிக்கவில்லை. அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"யாரு தங்கச்சி இந்தப் புள்ள?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அந்தப் படம் பக்கத்தில் இருக்காது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மாலை வாங்குனவங்களோட புள்ள" என்றாள்.

"கழுத, சிரிக்கிற சிரிப்பப் பாரு" என்றார் அண்ணன். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. "இதையே மொதப் படமா வச்சிரு தங்கச்சி. அந்தக் கழுத்துப் படத்த எடுத்துரு."

அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். எடுத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பிள்ளைதான் கடையின் முகம். அக்கா தினமும் வந்து பார்க்கிறாள், எண்ணிக்கையைக் கேட்பதில்லை. அண்ணன் அந்தப் படத்தைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். கடைக்கு யார் வந்தாலும் போனை நீட்டுகிறார்.

"பாருங்கண்ணே, நம்ம மாலை."

அக்கா தலை நிமிராமல் கோர்த்துக்கொண்டிருக்கிறாள்.