கப்பல் ஏட்டு ஊதிய விசில்

தெருவே அவரைக் கப்பல் ஏட்டு என்றுதான் கூப்பிட்டது. ஏட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போலீஸில் இருந்தவரைக்கும் அவர் வெறும் கான்ஸ்டபிள். பதவி உயர்வு அவராகத் தனக்குக் கொடுத்துக்கொண்டது. கப்பலில் இருந்தது மட்டும் நிஜம். அந்த ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டு மனுஷன் விட்ட சரடு இருக்கிறதே, கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

நாட்டுப்பற்றால்தான் போலீஸை விட்டுக் கடற்படைக்குப் போனாராம். அட, போங்கள்! லாக்கப்புக்குக் காவல் இருந்தவர், மத்தியானம் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கதவுக்குப் பக்கத்துக் கம்பியில் நாற்காலியைச் சாய்த்துக் குறட்டை விட்டார். உள்ளே இருந்த சைக்கிள் திருடன் கம்பி வழியாகக் கையை விட்டு அவர் இடுப்பிலிருந்த சாவியை உருவினான். கதவைத் திறந்து வெளியே வந்து, வாசலில் நின்ற அவருடைய சைக்கிளிலேயே ஏறிப் போய்விட்டான். இன்ஸ்பெக்டர் தையா தக்கா என்று குதித்தார்.

"வேலையை விட்டுத் தூக்கட்டுமா, இல்ல சண்டைக்குப் போறியா? கப்பல்ல ஆள் கேக்குறாங்க."

போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். இவருக்கு நாட்டுப்பற்று பொங்கியது அந்த நிமிஷம்தான்.

நீச்சல் தெரியாது. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற ஆள். முன்னாள் போலீஸ்காரனாயிற்றே என்று கப்பலில் சாமான் அறைக்குக் காவல் போட்டார்கள். வாந்தி எடுத்த நேரம் போக மிச்ச நேரம் மாவு மூட்டைகளை முறைத்துக்கொண்டு நின்றார். போலீஸ் விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை.

எதிரியின் நீர்மூழ்கியைத் தான்தான் முதலில் பார்த்ததாகவும், விசில் ஊதி மொத்தக் கப்பலையும் காப்பாற்றியதாகவும் ஊருக்குள் சொல்லிவைத்திருந்தார். சலூன்காரர் அவரிடம் காசு வாங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். இவரும் கூச்சநாச்சமில்லாமல் கழுத்தை நீட்டினார்.

கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். ஏட்டு குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பெருமையாக விசில் கதையை எடுக்க, வந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நீர்மூழ்கியாவது ஒண்ணாவது! விசிலை விட்டு விட்டு ஊதினா, கப்பலை விட்டு இறங்குன்னு அர்த்தம்மா. போன அன்னைக்கே சொல்லிக்குடுப்பாங்க. யாரோ ஒருத்தன் பால்பவுடர் டப்பாவைத் தூக்கிட்டு ஓடியிருக்கான். இவர் பழைய பழக்கத்துல, தெருவுல திருடனைத் துரத்துற மாதிரி ஊதிக்கிட்டே பின்னாடி ஓடினார். கப்பல் முழுகுதுன்னு மொத்தப் பேரும் அலறி அடிச்சுக்கிட்டு..."

பாதியில் ஏனோ நிறுத்திக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.

அன்றிலிருந்து கணவர் கதையை ஆரம்பித்தாலே அவள் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். ஆனால் வெளியில் மூச்சுவிடவில்லை. வாயைத் தவிர வேறு சொத்தில்லாத மனுஷன், அதையும் ஏன் பிடுங்கவேண்டும் என்று விட்டுவிட்டாள். அந்த இரக்கம்தான் அவள் தலையில் விடிந்தது.

மறுபடியும் போர் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவந்த அவர்களுடைய ஒரே மகன் ஒரு சாயங்காலம் வந்து, "அம்மா, நேவில எடுத்துக்கிட்டாங்க. நாளைக்குக் காலையில கெளம்பணும்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா பிள்ளைன்னு சொன்னேன், எழுந்து நின்னு கை குடுத்தாங்க."

அவள் நேரே கணவர் இருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவன் உங்க கதையைக் கேட்டுத்தான் போறான். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்க."

"என்ன உண்மை?"

"பால்பவுடர் டப்பா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஊர் காறித் துப்பும்டி" என்றார்.

"துப்பட்டும். உங்க பவிசு பெருசா, பிள்ளை உயிர் பெருசா?"

சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னார். லாக்கப், சைக்கிள் திருடன், சாமான் அறை, டப்பா, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்துவார் என்று அவள் நினைத்தாள். நிறுத்தவில்லை.

"ஒருத்தன் கடல்ல குதிச்சிட்டான்டா. துணி துவைக்கிற பையன். உன் வயசுதான். தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவே இல்ல. விசாரணையில கேட்டாங்க. நீர்மூழ்கியைப் பார்த்துத்தான் ஊதினேன்னு சொல்லிட்டேன். தட்டிக்குடுத்து மெடல் குத்தினாங்க."

இது அவளுக்குத் தெரியாது. சமையல்காரர் பாதியில் ஏன் நிறுத்தினார் என்று இப்போது புரிந்தது. ச்சீ, இந்தக் கழுத்துக்கா மாலை போட்டார்கள் என்று அருவருப்பாக இருந்தது. எதிரே அந்த மனுஷன் தட்டில் கண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

மகன் எழுந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

"அப்பா, அத்தனை பேரைக் காப்பாத்திட்டு, காப்பாத்த முடியாமப் போன ஒருத்தனுக்காக இத்தனை வருஷமா உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டு இருக்கீங்களா? இப்ப என்னைத் தடுக்கணும்னு உங்க பேரையே கெடுத்துக்கிறீங்க. இதெல்லாம் அம்மா சொல்லிக்குடுத்ததுதானே?"

"டேய், சத்தியமாடா. உன்மேல ஆணையா."

"சரிப்பா, சரி" என்று முதுகைத் தடவிக்கொடுத்தான். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல். அவள் தன் பங்குக்குக் கத்தினாள், கெஞ்சினாள், சமையல்காரரைக் கூட்டிவருகிறேன் என்றாள். அவன் அவளையும் கட்டிக்கொண்டு, "பயப்படாதேம்மா" என்றான்.

காலையில் தெருவே வாசலில் நின்றது. "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா ஏட்டையா!" என்று சலூன்காரர் கத்தினார். மகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிக் கையாட்டியபடி மூலை திரும்பினான். கூட்டம் கலைந்தது. ஏட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஊரையே பொய்யை நம்ப வெச்சீங்களே. பெத்த பிள்ளையை ஒரே ஒரு உண்மையை நம்ப வைக்கத் துப்பில்லாமப் போச்சே உங்களுக்கு!"